மத்தியானத்தில் வரும் பயம்

தம்பி,

இந்தக் கடிதத்தில் எழுத்து போகப் போகச் சிறுக்கும். ஒவ்வொரு வரியின் தொடக்கத்தையும் நான் எழுதுகிறேன், முடிவை நோய் எழுதுகிறது. அம்மா பக்கங்களைப் போனில் படம் எடுத்து அனுப்புவார். விரலால் பெரிதாக்கி வாசி. கதைக்கலாம்தானே, அப்பா ஏன் எழுதுகிறார் என்று நினைப்பாய். நீ யப்பானில் இருந்து அழைக்கும்போது அம்மா போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கலியாணப் பலகாரத்துக்கு வந்து நிற்கும் மாமி அவருடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்க்கிறார். உன் முகம் சின்னச் சதுரத்துக்குள் சிரிக்கிறது. நானும் சிரிக்கிறேன். பார்க்கின்சன் வந்து முகம் இறுகிப்போனவன் ஒரு சிரிப்பைக் கொண்டுவருவதற்கு என்ன பாடுபட வேண்டும் என்று உனக்குத் தெரியும். நீ வேலை செய்யும் வயோதிபர் இல்லத்தில் நாள் முழுக்கப் பார்ப்பது அந்த முகங்களைத்தான். ஆனால் என் சிரிப்பின் பின்னால் என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியாது.

பயமாக இருக்கிறது.

இதை எழுதிவிட்டுக் கொஞ்ச நேரம் பேனையை வைத்துவிட்டேன். எங்கள் வீடுகளில் தகப்பன்மார் எழுதும் வசனம் அல்ல இது. காசு அனுப்பு என்று எழுதுவார்கள், உடம்பைப் பார் என்று எழுதுவார்கள். நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். ஆனால் தை மாதம் உனக்குக் கலியாணம். அதற்கு முன் இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். பயமாக இருக்கிறது என்பது மட்டுமல்ல. அந்தப் பயம் என்னுடையதா, நீ அனுப்பிய கப்ஸ்யூலுடையதா என்று எனக்குத் தெரியவில்லை.

தொடக்கத்தில் இருந்து சொல்கிறேன். போன வருடம் பண்டத்தரிப்பில் மாமியின் மகனுக்குக் கலியாணம். காலையில் பாலறுகு. மாப்பிள்ளையைக் கிழக்குப் பார்க்கப் பலகையில் இருத்தியிருந்தார்கள். அறுகம்புல்லைப் பாலில் தோய்த்து அவன் தலையில் வைக்க வேண்டும், பெரியவர்கள் ஒவ்வொருவராக. என் முறை வந்தது. குனிந்தேன். புல்லை வைத்தேன். நிமிர்ந்தேன். நிமிர்ந்ததுதான் பிழை. சபை முழுவதும் கறுப்பாகியது. சத்தங்கள் தூரத்துக்குப் போயின. பிறகு சீமெந்துத் தரையின் குளிர்ச்சி கன்னத்தில். பால் கிண்ணம் எங்கோ உருண்டு போகும் ஒலி. யாரோ கண்ணூறு பட்டுவிட்டது என்றார்கள். யாரோ சோடா கொண்டுவரச் சொன்னார்கள். கமராக்காரப் பொடியன் நேரலையை நிற்பாட்டவில்லை. நீ அங்கே வேலைக்குப் போகும் ரயிலில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

அன்று பின்னேரம் நீ எடுத்த அழைப்பு எனக்கு ஞாபகம் இருக்கிறது. உன் குரல் சின்ன வயதுக் குரலாக இருந்தது.

"அப்பா, எழும்பேக்கை தலை சுத்திறது புதுசோ, முந்தியும் இருந்ததோ?"

"கொஞ்சம் இருந்ததுதான்."

"கொஞ்சமெண்டா? அம்மா, அவர் உண்மை சொல்லமாட்டார், நீங்கள் சொல்லுங்கோ."

அம்மா சொன்னார். கிணற்றடியில் ஒருநாள், கட்டிலடியில் பல நாள். நீ கேட்டுக்கொண்டிருந்துவிட்டு உங்கள் இல்லத்தில் இருக்கும் ஒரு கிழவரைப் பற்றிச் சொன்னாய். எனக்கு உள்ள அதே நோய். இருந்து எழும்பினால் மயக்கம். கதவு நிலையடியில் வந்தால் கால் தரையோடு ஒட்டிவிடும். புதிதாக ஒரு கப்ஸ்யூல் கொடுத்த பிறகு, ஒருநாள் காலையில் தானாக எழும்பி யன்னல்வரை போய்த் திரைச்சீலையை விலக்கினாராம். நீ அதைச் சொன்ன விதத்தில் உன் ஆசை முழுவதும் இருந்தது. உன் கலியாணத்தில் நான் விழாமல் நிற்க வேண்டும். குனிந்து, புல்லை வைத்து, நிமிர்ந்து, நிற்க வேண்டும். அவ்வளவுதான் நீ கேட்டது. பெரிதாக ஒன்றும் கேட்காத பிள்ளை நீ.

கிளினிக்கில் எங்கள் டொக்டரிடம் கேட்டோம். என்னிடமும், சின்ன வகுப்பில் அம்மாவிடமும் படித்த பிள்ளை. இன்னும் நான் உள்ளே போனால் கதிரையில் இருந்து எழும்பிவிடுவாள், எழும்பக்கூடியவள். மருந்து இங்கே கிடைக்காது, எடுப்பிக்கக் கடிதம் தரலாம், ஆனால் மிகவும் கவனமாக இருக்க வேண்டும் என்றாள். பிறகு சிரித்தாள்.

"சேர், நீங்கள் போட்டிலை கீறுவியள், ஞாபகமோ? அந்தப் பாதைதான்."

ஞாபகம் இருந்தது. நெல்லியடிப் பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பித்த காலத்தில், பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும், மழை நாட்களில் பாதி வகுப்பு வராதபோது நான் அதைக் கரும்பலகையில் கீறிக் காட்டுவேன். நீயும் அந்த வகுப்பில் இருந்தாய், கடைசி வாங்கில், வெளியே பார்த்தபடி. ஆகவே மறுபடி சொல்கிறேன். லெவோடோபா. ஒரு அம்பு. டோபமீன். ஒரு அம்பு. நோர்அதிரனலின். இவை மூளைக்குள் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறுபவை. கை நினைத்தபடி அசைவதற்கு டோபமீன் வேண்டும். நோர்அதிரனலின் வேறு வகை. எழும்பும்போது இரத்தத்தைத் தலைக்கு ஏற்றிவிடுவது அது. காதைக் கூர்மையாக்குவது, நெஞ்சை அடிக்கவைப்பது, ஏதோ வருகிறது என்று உடம்புக்குச் சொல்வதும் அதுதான். என் நோயில் இரண்டும் குறைந்து போகின்றன. நான் பல வருடமாக எடுக்கும் குளிசை முதலாவது அம்புக்கு முன்னால் நிற்கும் லெவோடோபா. நீ அனுப்பிய கப்ஸ்யூல் டோபமீன் பக்கமே போகாமல், பக்கத்து ஒழுங்கையால் வந்து, நேரே நோர்அதிரனலினாக மாறுகிறது.

ஒழுங்கை வேறு. ஆனால் உள்ளே விடும் படலை ஒன்று.

லெவோடோபாவை டோபமீனாக மாற்றும் நொதியம்தான் கப்ஸ்யூலையும் நோர்அதிரனலினாக மாற்றுகிறது. இரண்டு பேரும் ஒரே படலைக்கு முன்னால் வந்து நிற்கிறார்கள். அதுமட்டுமல்ல, பழைய குளிசைக்குள் ஒரு காவற்காரனும் இருக்கிறான். லெவோடோபா வழியில் செலவாகாமல் மூளைவரை போய்ச் சேர வேண்டுமென்று, மூளைக்கு வெளியே உள்ள அதே படலைகளை அவன் பூட்டிவைப்பான். உன் கப்ஸ்யூலுக்கு வெளியிலும் வேலை உண்டு, இரத்தக் குழாய்களில். அது வந்து பார்த்தால் படலை பூட்டிக் கிடக்கிறது. இந்தக் குழப்பத்தில் என் டோபமீனுக்கு என்ன நடக்கிறது? குறைகிறதா, கூடுகிறதா, அது உடைந்து தீரும் வேகம் மாறுகிறதா? அம்மா தோட்டத்துக்குப் போன நேரங்களில் போனில் தேடித் தேடி வாசித்தேன். எலிகளின் மூளையில் அளந்திருக்கிறார்கள். ஒருவர் எழுதியதை அடுத்தவர் அப்படியே ஒத்துக்கொள்ளவில்லை. மூளையின் ஒரு பகுதியில் ஒரு மாதிரி, இன்னொரு பகுதியில் வேறு மாதிரி. எலியிடம் உனக்குப் பயமாக இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

முதல் கிழமைகள் நன்றாக இருந்தன. அதையும் சொல்ல வேண்டும். எழும்பி நின்றேன். நின்றபடி பல் தீட்டினேன். நீர்வேலிச் சந்திவரை நடந்து போய்ப் பேப்பர் வாங்கி வந்தேன். வாழைக்குலை ஏற்றிக்கொண்டிருந்தவர்கள் லொறியில் இருந்து கை காட்டினார்கள். அம்மா ஒழுங்கை முகப்பில் நின்றுகொண்டு, தற்செயலாக வந்து நிற்பவர் போல வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். நான் கிட்ட வந்ததும், "என்னப்பா, தோடம்பழம் வாங்கிக்கொண்டு வந்திருக்கலாமே," என்றார். அழுதிருந்தார் என்று குரலில் தெரிந்தது. அன்று உனக்குச் செய்தி அனுப்பச் சொன்னேன். நீ அனுப்பிய பதிலை அம்மா இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறார்.

பிறகு அது வந்தது.

மத்தியானத்தில் வரும். மத்தியானக் கப்ஸ்யூலை விழுங்கிக் கொஞ்ச நேரம் போக. நல்ல வெயில். குசினியில் கறிக்குத் தாளிக்கும் வாசம். பின்வளவு வாழைத் தோட்டத்துக்குள் காற்று, இலைகள் கிழியும் சத்தம். எல்லாம் இருக்க வேண்டியபடியே இருக்கின்றன. அந்த நேரத்தில் படலையடியில் ஒருவர் வந்து நிற்கிறார் என்று எனக்குத் தெரிகிறது. பார்க்கவில்லை. கேட்கவில்லை. தெரிகிறது. சைக்கிளைச் சாத்திவிட்டு நிற்கிறார். அவரிடம் உன்னைப் பற்றி ஒரு செய்தி இருக்கிறது. அதைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை, அதனால்தான் கூப்பிடாமல் நிற்கிறார். நெஞ்சு அடிக்கிறது. உள்ளங்கை நனைகிறது. போய்ப் பார்த்தால் தீர்ந்துவிடும். கதிரையில் இருந்து எழும்புகிறேன். உன் கப்ஸ்யூலின் தயவில் தலை சுற்றாமல் எழும்புகிறேன். வாசல் நிலையடிக்கு வந்ததும் கால் ஒட்டிவிடுகிறது. ஒரு அடி வைக்க முடியவில்லை. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். நடுவில் வெறும் முற்றம். ஒருநாள் அப்படி நின்றபோது நினைத்தேன், எழும்புவதற்கு மருந்து கொடுத்தாயிற்று, பயப்படுவதற்கும் கொடுத்தாயிற்று, ஓடுவதற்கு மட்டும் கொடுக்கவில்லை. சிரிப்பு வரவில்லை.

எனக்குப் பயம் புதிதல்ல. நீ பிறக்க முதல் இங்கே வானத்தில் இருந்து வந்த பயத்தை நானும் அம்மாவும் பார்த்திருக்கிறோம். ஆனால் அந்தப் பயத்துக்கு ஒரு சத்தம் இருந்தது. விமானத்தின் சத்தம் வந்தால் நிலத்தோடு நிலமாகப் படுக்க வேண்டும். சத்தம் போனால் எழும்ப வேண்டும். மண்ணைத் தட்டிவிட்டு ஒருவரை ஒருவர் பார்க்க வேண்டும். அவ்வளவுதான், முடிந்தது. அப்போது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பயம். அதில் வெட்கம் இல்லை. இப்போது வானம் வெறுமையாகக் கிடக்கிறது. நான் ஒருவன் மட்டும் பயப்படுகிறேன், அதுவும் சோற்றுப் பானையின் சத்தம் கேட்கிற நேரத்தில். படுக்கவும் முடியாது. இந்த மருந்தின் குணம் அது. நிற்கும்போது இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பது, மட்டமாகப் படுத்தால் அதை மேலே மேலே ஏற்றிவிடும். ஆகவே எந்த நேரம் படுத்தாலும் தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும். கப்ஸ்யூல் எடுத்த கையோடு படுக்கவே கூடாது. டொக்டர் அதை மட்டும் இரண்டு தரம் சொன்னாள்.

கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே சீமெந்துக் கற்கள் வைத்தோம். அந்த அறையில் கட்டிலை ஒரு மாதிரித்தான் போடலாம். ஒரு பக்கம் அலுமாரி, ஒரு பக்கம் கதவு, வெறுஞ்சுவர் வடக்கில். ஆகவே தலை வடக்கே. எனக்கு அது ஒரு விடயமாகவே தெரியவில்லை. வடக்கே தலை வைத்துப் படுக்கக்கூடாது என்பதைச் சின்ன வயதில் இருந்து கேட்டவன்தான். ஆனால் காந்தப்புலத்தைப் படிப்பித்தவன், கட்டிலைத் திருப்பியா வைப்பான்? கற்கள் வைக்க முன்னும் அப்படித்தான், வருடக்கணக்காக நிம்மதியாகப் படுத்தேன். அம்மா பக்கத்து அறையில் எப்படிப் படுக்கிறார் என்று நான் கேட்டதில்லை.

மாமி வந்த கிழமை. அம்மா நெல்லியடிக்குச் சீலை எடுக்கப் போயிருந்தார். மாமி பயற்றம் பணியாரத்துக்கு வறுத்த மாவின் வாசத்தோடு அறைக்குள் வந்தார். கட்டிலைப் பார்த்தார். யன்னலைப் பார்த்தார். மறுபடி கட்டிலைப் பார்த்தார்.

"அண்ணை, வடக்கை தலை வைச்சோ படுக்கிறியள்? வீட்டிலை கலியாணத்தை வைச்சுக்கொண்டு?"

"டொக்டர் தலைமாட்டை உசத்தச் சொன்னவ."

"உசத்தச் சொன்னவ சரி. வடக்கிலை உசத்தச் சொன்னவவோ?"

மாமி குனிந்து கற்களைத் தட்டிப் பார்த்தார்.

"கல்லுப் பாரம், அதைப் பிறகு ஆரும் பொடியளைக் கொண்டு மாத்துவம். இப்ப தலகணியை அங்கால் பக்கம் போட்டுவிடுறன். பொடியன் நல்லபடியா வந்து சேரவேணும் அண்ணை, வேறை ஒண்டும் இல்லை."

தம்பி, நீ வாசிக்க வேண்டிய இடம் இது. மாமியில் பிழை இல்லை. அவருக்குக் கற்கள் எதற்கு என்று தெரியாது. எனக்குத் தெரியும். வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் பொடியன் நல்லபடியாக வந்து சேர வேண்டும் என்றதும், படலையடியில் நிற்கும் ஆள் என் மனதில் வந்தார். வடக்குத்தான் அவரைக் கூட்டிவந்ததோ என்று நினைத்தேன். பல்கலைக்கழகத்தில் இரசாயனம் படித்தவன் ஒரு தலையணை வடக்கில் இருந்து தெற்குக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு, "ம்," என்றேன். எனக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. அன்று மத்தியானம் கப்ஸ்யூலை விழுங்கினேன். பயம் வந்தது. சாப்பிடவில்லை. கதிரையில் இருக்க முடியவில்லை. போய்ப் படுத்தேன், தெற்கே தலை வைத்து. கால்கள் மேலே, தலை கீழே.

அம்மா வந்து கண்டார். எனக்கு அப்போது பிடரியில் யாரோ இடிப்பது போல இருந்தது. கண்ணுக்கு முன்னால் சுவர் துடித்தது. கை கால் என்னுடையவை போல இல்லை.

"என்னப்பா இது, காலை உசத்தி வைச்சுக்கொண்டு கிடக்கிறியள்? ஆர் தலகணியை மாத்தினது?"

பதிலுக்கு நிற்கவில்லை. என்னைத் தூக்கி நிமிர்த்திக் கதிரையில் இருத்தினார். அந்தச் சின்ன உடம்புக்கு அந்தப் பலம் எங்கிருந்து வந்ததென்று தெரியாது. பிறஷர் மெஷினின் பட்டியைக் கையில் சுற்றினார். இலக்கத்தைப் பார்த்தார். எனக்குக் காட்டவில்லை. டொக்டருக்கு அழைப்பு எடுத்து ஒலிபெருக்கியில் போட்டுவிட்டு என் முகத்துக்கு நேரே வந்து நின்றார்.

"கதையுங்கோ. ஏதாவது கதையுங்கோ. வாய் கோணுதோ எண்டு பாப்பம்."

வகுப்பில் பாடமாக்குவித்த மூலகங்களின் வரிசைதான் வாயில் வந்தது. "ஐதரசன்," என்றேன். "ஈலியம். இலிதியம். பெரிலியம். போரன்."

"நிப்பாட்டாதேங்கோ."

"காபன். நைதரசன். ஒட்சிசன்."

"சரி, வாய் நேராத்தான் இருக்கு." போனைப் பார்த்து, "பிள்ளை, கேட்டதுதானே?" என்றார். அந்தப் பக்கத்தில் டொக்டர், "கேட்டது ரீச்சர், புளோரின் வர முதல் நிண்டிட்டார், ஆனா பரவாயில்லை. ஆளை இருத்தியே வைச்சிருங்கோ, திருப்பித் திருப்பி அளவுங்கோ, குறையேல்லையெண்டா உடனை கொண்டு வாங்கோ," என்றாள். மாமி கதவோடு சாய்ந்து நின்று அழுதுகொண்டிருந்தார். நான் வடக்கை மட்டும்தானே பார்த்தேன் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இலக்கம் மெல்ல இறங்கியது. அம்மா பட்டியைக் கழற்றவில்லை. முற்றத்து வெயில் சுவரில் ஏறிப் போகும்வரை அது என் கையில் இருந்தது.

அப்போதுதான் சொன்னேன். படலை, ஆள், சைக்கிள், எல்லாவற்றையும். அம்மா முகத்தை மாற்றாமல் கேட்டார்.

"எப்ப தொடக்கம்?"

"கப்ஸ்யூல் தொடங்கிக் கொஞ்ச நாளிலை."

"ஏன் சொல்லேல்லை?"

"தம்பி அனுப்பினதெல்லோ."

அவர் பட்டியின் காற்றை இறக்கினார். பிறகு, "எனக்கும் பயம்தான்," என்றார். "நான் ஒரு கப்ஸ்யூலும் குடிக்கேல்லை."

அந்த வசனத்தை நான் இன்னும் தாண்டவில்லை. இவ்வளவு நாளும் என் பயத்துக்கு ஒரு சூத்திரம் தேடிக்கொண்டிருந்தேன். அம்புக்குறிகள், படலைகள். பக்கத்து அறையில் ஒருவர் எந்தச் சூத்திரமும் இல்லாமல் அதே பயத்தோடு படுத்திருந்திருக்கிறார். உனக்கு வரப்போகிறவளைப் பற்றி நான் பெரிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. நல்ல பிள்ளை, நன்றாக இருப்பீர்கள். ஒன்று மட்டும். பயம் வந்தால் அவளிடம் சொல். காரணம் கண்டுபிடித்த பிறகு சொல்லலாம் என்று வைத்திருக்காதே. காரணம் கிடைக்காமலே போகலாம். நான் வைத்திருந்தேன்.

அடுத்த கிளினிக்கில் டொக்டரிடம் நேரே கேட்டேன். இந்தப் பயம் கப்ஸ்யூலுடையதா?

"இருக்கலாம் சேர். நோர்அதிரனலின் கூடினா அப்பிடி வாறதுதான்."

"டோபமீன் பக்கம் ஏதாவது குழம்பியிருக்குமோ?"

"அதுவும் இருக்கலாம். இல்லாட்டி இந்த வருத்தமே பயத்தைக் கொண்டுவரும், மருந்து ஒண்டும் இல்லாமலே. இல்லாட்டி..." என் கிளினிக் கொப்பியை மூடினாள். "தூர இருக்கிற மகன் கலியாணத்துக்கு வாறான். தேப்பனுக்குப் பயமா இருக்கிறதுக்கு மருந்து வேணுமே சேர்?"

"மூண்டையும் எப்பிடிப் பிரிக்கிறது?"

"நீங்கள் கீறின படத்திலை அம்பெல்லாம் ஒரு பக்கம்தான் போகும். உள்ளுக்கை அப்பிடி ஒழுங்கா ஒண்டும் போறேல்லை. நிப்பாட்டிப் பாத்தாத்தான் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு நிப்பாட்டுவம். பயம் போனா, கப்ஸ்யூல்தான். போகேல்லையெண்டா, வேறை வழி பாப்பம்."

அவளுக்கு அது ஒரு சோதனை. எனக்கு இரண்டு பக்கமும் பள்ளம். நிறுத்திய பிறகு பயம் போய்விட்டால், உன் கலியாணத்தில் நான் நிற்க முடியாது. நிறுத்தியும் பயம் போகாவிட்டால், அது என்னுடையது. என் மூளை தானாகச் செய்வது, இனி எந்தக் கப்ஸ்யூலையும் குற்றம் சொல்ல முடியாது. எதற்கு அதிகம் பயப்படுகிறேன் என்று பல நாள் யோசித்தேன். இரண்டாவதற்குத்தான். அது தெரிந்ததும், கப்ஸ்யூலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கக்கூடாது, நிறுத்துவது என்று முடிவெடுத்தேன். படலையடியில் ஒருவர் நிற்கிறார் என்ற நினைப்போடு உன் தலையில் அறுகு வைக்க எனக்கு விருப்பமில்லை. அந்த நேரத்தில் என் மனம் முற்றத்தில் இருக்கக்கூடாது, உன்னிடத்தில் இருக்க வேண்டும். விழுந்தால் விழுகிறேன் என்று வீரம் கதைக்கவும் மாட்டேன். விழப் பயம். உன் முன்னால் விழப் பெரும் பயம்.

ஆகவே ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். மாமியிடமும் கதைத்துவிட்டேன். என்னைச் சபையில் முதலிலேயே கதிரையில் இருத்திவிடுவார்கள். உன் பலகையை என் கதிரைக்கு முன்னால், கையெட்டும் தூரத்தில் போடுவார்கள். நான் குனிய மாட்டேன், எழும்ப மாட்டேன். என் முறை வரும்போது நீ தலையைக் கொஞ்சம் சரித்துக் கொடுக்க வேண்டும். தகப்பன் இருந்தபடி வைத்தாரே என்று யாரும் கேட்டால் மாமி பதில் சொல்வார், அவருக்கு இப்போது எனக்காகச் சண்டை பிடிக்க ஒரு காரணம் வேண்டும். பலகை கிழக்குப் பார்த்துத்தான் இருக்கும். கயிறு பிடித்தே அளந்துவிட்டார். கட்டிலையும் அவரே நின்று பொடியளைக் கொண்டு திருப்பினார். அலுமாரி விறாந்தைக்குப் போய்விட்டது. இப்போது என் தலை கிழக்கே, கற்களும் கிழக்கே. டொக்டருக்கும் திருப்தி, மாமிக்கும் திருப்தி. என் கை நடுங்கும். பால் உன் கண்ணுக்குள் போகும். கண்ணை மூடிக்கொள். அது பால்தான்.

கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, இன்று முதல்முறையாகக் கப்ஸ்யூல் இல்லாத நாள். மிச்சத்தை அம்மா அலுமாரியில் வைத்திருக்கிறார். எறிந்துவிட மனம் வரவில்லை. நீ அனுப்பியது. இதில் உனக்கு மனவருத்தம் வரக்கூடாது. அந்தக் கிழவர் தன் திரைச்சீலையை விலக்கியது உண்மை. நான் சந்திவரை நடந்ததும் உண்மை. எழுதத் தொடங்கும்போது காலை. இப்போது வெயில் முற்றத்துக்கு இறங்கிவிட்டது. குசினியில் வெங்காயம் வதங்குகிறது. அம்மா இரண்டு தரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். மூன்றாம் தரம் வந்து ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு இருந்துவிட்டார். மடியில் சுளகு, அதில் பயறு. கல் பொறுக்குகிறார். காற்று தொடங்குகிறது. வாழையிலைகளின் சத்தம்.

படலைப் பக்கம் நான் இன்னும் பார்க்கவில்லை.

எழுத்து மிகவும் சிறுத்துவிட்டது, இதற்கு மேல் அம்மாவின் போனாலும் பிடிக்க முடியாது. அனுப்பச் சொல்கிறேன். இத்தனை வருடமும் நீ அழைத்தபோதெல்லாம், வேலை நேரத்தில் என்னத்துக்கு எடுக்கிறாய், வை, என்று சொன்னவன் நான். இன்றைக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். வாசித்ததும் எடு. வேலையில் நின்றாலும் எடு. என்ன சொல்வதென்று யோசிக்க வேண்டாம். உன் குரல் கேட்டால் போதும். ஒன்றும் வராவிட்டால் ஐதரசனில் இருந்து தொடங்கு.

அப்பா